சாயத்துக்கு முன்னாடி பிளீச்சிங்... பயோகேஸுக்கு முன்னாடி? குப்பையிலிருந்து கூடுதல் கேஸ் எடுக்க ஒரு கைடு!

சாமளாபுரம், சோமனூர், மங்கலம், பல்லடம் என்று இந்தப் பக்கம் வளர்ந்தவர்களுக்கு ஒரு சின்னக் கேள்வி. தறியிலிருந்து இறங்கிய கோராத் துணியை அப்படியே கொண்டுபோய் சாயத்தில் முக்கினால் என்ன ஆகும்?

'திட்டுத் திட்டா ஏறும்ங்க, பீஸ் வேஸ்ட்டு' என்று சின்னப் பையன்கூடச் சொல்லிவிடுவான். பருத்தி நூலின் மேல் இயற்கையாகவே ஒரு மெழுகு இருக்கிறது. போதாததற்கு, பாவு நூலுக்குப் போட்ட கஞ்சியும் ஒட்டியிருக்கும். இரண்டையும் போக்கினால்தான் சாயம் உள்ளே இறங்கும். அதனால்தான் காஸ்டிக் போட்டுக் கொதிக்க வைப்பது, பிளீச்சிங் செய்வது என்று சாயத்துக்கு முன்னால் அவ்வளவு வேலை.

பயோகேஸுக்கும் இதே கதைதான். ஆனால், அங்கே மட்டும் நாம் எந்த முன்வேலையும் செய்வதில்லை. மிஞ்சிய சோறு, வாழைத்தண்டு, முட்டை ஓடு, எலுமிச்சைத் தோல் எல்லாவற்றையும் ஒரே வாளியில் அள்ளிக் கலனில் கொட்டிவிட்டு, 'கேஸே வர மாட்டேங்குது' என்று ஆறே மாதத்தில் கைவிட்டுவிடுகிறோம்.

உங்கள் ஊர்த் தோட்டத்திலும் பார்த்திருப்பீர்கள். மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில் துருப்பிடித்த டிரம் ஒன்று கவிழ்ந்து கிடக்கும், அதன் மேல் கோழி ஏறி உட்கார்ந்திருக்கும். 1981-82ல் மத்திய அரசு தேசிய அளவில் சாண எரிவாயுத் திட்டத்தைத் தொடங்கிய பிறகு, மானியத்தில் கட்டிய கலன்கள் அவை. அவற்றில் பல நின்றுபோனதற்குக் கலன் மட்டுமே காரணம் இல்லை. அதற்குள் எதை, எப்படிப் போட்டோம் என்பதும் ஒரு காரணம்.

அந்த 'எப்படி'யைத்தான் இங்கே பார்க்கப்போகிறோம். இதற்குப் பெயர் முன்பதப்படுத்துதல். பெயர்தான் பெரிது, வேலை பாதி சமையல், பாதி பொறுமை!

கலனுக்குள் என்ன நடக்கிறது?

காற்றுப் புகாத தொட்டிக்குள் நான்கு கட்டமாக வேலை நடக்கிறது. முதலில், மாவுச்சத்து, புரதம், நார், கொழுப்பு போன்ற பெரிய மூலக்கூறுகளை ஒரு கூட்டம் நுண்ணுயிரிகள் உடைத்துத் தண்ணீரில் கரைய வைக்கின்றன. அடுத்த கூட்டம் அதை அமிலங்களாக மாற்றுகிறது. மூன்றாவது கூட்டம் அந்த அமிலங்களை அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் ஆக்குகிறது. கடைசியாக வருபவைதான் மீத்தேனைத் தயாரிப்பவை. உங்கள் அடுப்பில் நீலமாக எரிவது அவற்றின் உழைப்பு.

வெளியே வரும் வாயுவில் பொதுவாக 50 முதல் 70 சதவிகிதம் மீத்தேன். மீதியில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்ஸைடு. கொஞ்சம் ஈரப்பதமும், அழுகிய முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடும் இருக்கும்.

இந்த நான்கு கூட்டமும் ஒரே வேகத்தில் வேலை செய்வதில்லை என்பதுதான் பிரச்னை. சோளத்தட்டு, வைக்கோல், வாழைத்தண்டு மாதிரி நாருள்ள பொருள்களைப் போட்டால் முதல் கட்டமே நகராது. நாரைச் சுற்றி லிக்னின் என்ற முரட்டுப் பொருள் கவசம்போல நிற்கும். அதற்கு நேர்மாறு, சோறு, சாம்பார், பழத்தோல். இவை ஒரே நாளில் கரைந்து அமிலமாகிவிடும். மீத்தேன் தயாரிக்கும் கூட்டமோ மெதுவாகத்தான் பெருகும், கொஞ்சம் நோஞ்சானும்கூட. அமிலம் அளவுக்கு மீறிச் சேர்ந்தால் அப்படியே சுருண்டுவிடும்.

ஆக, முன்பதப்படுத்துதலுக்கு இரண்டு வேலை. முரட்டுப் பொருளை இளக்குவது ஒன்று. வேகமான பொருளைக் கட்டுப்படுத்தி ஊட்டுவது இன்னொன்று. உங்களிடம் இருப்பது எந்த வகைக் கழிவு என்று தெரியாமல் யூடியூப் பார்த்து எதையாவது செய்தால், கேஸ் கூடுவதற்குப் பதில் குறையும்.

இந்த யோசனை எங்கிருந்து வந்தது?

இந்தியாவில் பயோகேஸ் பற்றிப் பேசினால் மும்பையின் மாட்டுங்கா வராமல் இருக்காது. அங்கிருந்த தொழுநோயாளிகள் இல்லத்தில் 1897-லேயே கழிவிலிருந்து எரிவாயு எடுத்தார்கள். பிறகு கதர் கிராமத் தொழில் ஆணையத்தின் மிதக்கும் டிரம் கலன் நாடு முழுக்கப் பரவியது. ஆனால், அவை பெரும்பாலும் சாணத்துக்காக வடிவமைக்கப்பட்டவை. பசுவின் வயிறு ஏற்கெனவே அரைத்து, ஊறவைத்து, பாதி செரித்துக் கொடுத்ததுதான் சாணம். அதாவது, மாடே முன்பதப்படுத்தித் தந்துவிடுகிறது!

சமையலறைக் கழிவுக்கு அந்த வசதி இல்லை. இதற்கு விடை தேடியவர்களில் முக்கியமானது பாபா அணு ஆராய்ச்சி மையம். அணு ஆராய்ச்சி செய்பவர்களுக்குக் குப்பையில் என்ன வேலை என்று கேட்காதீர்கள். அங்கே உயிரியல் விஞ்ஞானியாக இருந்த சரத் காலே உருவாக்கிய 'நிசர்க்ருணா' என்ற முறை, முன்பதப்படுத்துதலை ஒரு தனித் தொட்டியாகவே கட்டிவிட்டது.

அதன் வழி இதுதான். தரம் பிரித்த மக்கும் கழிவை முதலில் மிக்ஸரில் தண்ணீர் விட்டுக் கூழாக அரைக்கிறார்கள். அந்தக் கூழ் முதல் தொட்டிக்குப் போகிறது. அங்கே சோலார் ஹீட்டரிலிருந்து வரும் வெந்நீரும், கம்ப்ரஸர் வழியாகக் காற்றும் கொடுக்கப்படுகின்றன. வெதுவெதுப்பை விரும்பும் நுண்ணுயிரிகள் அங்கே நாலு நாள்போல வேலை செய்து கழிவை இளக்கி அமிலமாக்குகின்றன. அதன் பிறகே காற்றில்லாத பெரிய தொட்டி. முதல் தொட்டியிலேயே பாதி வேலை முடிந்துவிடுவதால், இரண்டாவது தொட்டியில் மீத்தேன் கூட்டம் நிம்மதியாக வேலை செய்கிறது. வாயுவிலும் மீத்தேனின் பங்கு கூடுகிறது.

புனேவைச் சேர்ந்த 'ஆர்த்தி' என்ற கிராமியத் தொழில்நுட்ப நிறுவனம் வேறொரு வழியில் போனது. ஆனந்த் கார்வே தலைமையில் அவர்கள் செய்த சின்ன வீட்டுக் கலன், சாணத்துக்குப் பதிலாக மாவுச்சத்தும் சர்க்கரையும் உள்ள கழிவை அரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டியது. 2006-ல் அதற்கு ஆஷ்டன் விருது கிடைத்தது. 'நுண்ணுயிரிக்குச் சாணம் போடாதே, சாப்பாடு போடு' என்பதுதான் அந்தக் கலனின் சாரம்.

பெரிய அளவில் பார்க்கணுமா? சென்னை கோயம்பேடு மார்க்கெட்டின் காய்கறிக் கழிவுக்காக, நாளொன்றுக்கு 30 டன் கொள்ளும் பயோகேஸ் ஆலை 2005-ல் அமைந்தது. இந்தூரில் 2022 பிப்ரவரியில் திறக்கப்பட்ட ஆலை நாளொன்றுக்கு 550 டன் ஈரக்கழிவைக் கையாளும் திறன் கொண்டது. இந்தூரின் பலம் மெஷின் மட்டும் இல்லை. வீட்டு வாசலிலேயே கழிவைப் பிரித்து வாங்குகிறார்கள். முன்பதப்படுத்துதலின் முதல் படி ஆலையில் இல்லைங்க, உங்கள் சமையலறை டஸ்ட்பின்னில் இருக்கிறது.

கணக்கு என்ன சொல்லுது?

ஒரு கன மீட்டர் பயோகேஸ், சுமார் 0.45 கிலோ எல்.பி.ஜி-க்குச் சமம். அப்படியானால் 14.2 கிலோ சிலிண்டர் ஒன்றுக்குச் சுமார் 32 கன மீட்டர் பயோகேஸ் வேண்டும்.

ஒரு கிலோ ஈரச் சாணம் ஏறத்தாழ 40 லிட்டர் கேஸ் தரும். ஒரு கிலோ சமைத்த உணவுக் கழிவு ஏறத்தாழ 100 லிட்டர் தரும்.

இரண்டு மாடு உள்ள தோட்டத்து வீட்டை எடுத்துக்கொள்வோம். தினமும் 20 கிலோ சாணம் கையில் கிடைத்தால் 800 லிட்டர். மூன்று கிலோ உணவுக் கழிவைச் சேர்த்தால் இன்னும் 300 லிட்டர். மொத்தம் 1.1 கன மீட்டர். அதாவது நாளொன்றுக்கு அரை கிலோ எல்.பி.ஜி. மாதம் ஒரு சிலிண்டர்!

பனியன் கம்பெனி ஹாஸ்டலுக்குச் சமைக்கிற மெஸ் நடத்துகிறீர்களா? தினமும் 50 கிலோ உணவுக் கழிவு மிஞ்சினால் 5 கன மீட்டர் கேஸ். எட்டு, ஒன்பது நாளுக்கு ஒரு 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர் மிச்சம்.

இது கலன் சரியாக ஓடினால் கிடைக்கும் கணக்கு. குளிர்காலத்தில் குறையும். முன்வேலை செய்யாமல் கொட்டினால் இதில் பாதிகூட வராமல் போகலாம்.

ஒரு விஷயம். கொங்கு வீடுகளில் கழனித்தண்ணியும் பழைய சோறும் மாட்டுக்குத்தான் முதலில் போகும். அதை மாற்ற வேண்டாம். மாடு, ஆடு, கோழி சாப்பிட்டது போக மிஞ்சுவதுதான் கலனுக்கு.

ஸ்டெப் பை ஸ்டெப்: வீட்டுக் கலனுக்கான முன்வேலை

1. பிரியுங்கள்

2016-ம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகளே மக்கும் கழிவு, மக்காத கழிவு, வீட்டிலுள்ள அபாயகரமான கழிவு என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்லியிருந்தன. கலனுக்காக மக்கும் கழிவையும் இன்னொரு முறை பிரிக்க வேண்டும்.

கலனுக்குள் போகக்கூடாதவை: தேங்காய்ச் சிரட்டை, தேங்காய் நார், எலும்பு, முட்டை ஓடு, மாங்கொட்டை (இவை அடியில் தங்கி இடத்தை அடைக்கும்). எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல் (இவற்றிலுள்ள லிமோனீன் என்ற எண்ணெய் மீத்தேன் கூட்டத்துக்கு ஆகாது). ஊறுகாய் (உப்பு). பொரித்த எண்ணெயை மொத்தமாக ஊற்றுவது (மேலே ஆடைபோலப் படியும்). ஃபினாயில், டிடர்ஜென்ட், பிளீச்சிங் பவுடர் கலந்த தண்ணீர் (நுண்ணுயிரிகளைக் கொன்றுவிடும்).

2. நறுக்குங்கள், அரையுங்கள்

பொருள் சின்னதானால் நுண்ணுயிரி தொடுகிற பரப்பு கூடும். காய்கறித் தோல், பழத்தோல், இலைகளை விரல் நக அளவுக்கு நறுக்கினாலே நல்ல வித்தியாசம் தெரியும். அளவு அதிகமென்றால் பழைய கிரைண்டரோ, சின்ன ஷ்ரெட்டரோ போதும். சோளத்தட்டுக்கு, மாட்டுத் தீவனம் வெட்டுகிற தட்டு வெட்டும் மெஷினே சரி.

இங்கே ஒரு எச்சரிக்கை. சோறு, குழம்பு மாதிரி ஏற்கெனவே மெத்தென்று இருப்பதைப் பால்போல அரைக்க வேண்டாம். அது இன்னும் வேகமாக அமிலமாகும். நைஸாக அரைத்தால் கேஸ் கூடும் என்பது எல்லாக் கழிவுக்கும் பொருந்தாது.

3. மண்ணைத் தங்க விடுங்கள்

வாளியில் தண்ணீர் விட்டுக் கலக்கி, ஐந்து நிமிடம் வைத்தால் மணலும் கல்லும் அடியில் இறங்கும். மேலே இருப்பதை மட்டும் ஊற்றுங்கள். சாணத்துக்கும் இதுதான். தரையிலிருந்து அள்ளிய சாணத்தில் மண் கலந்திருக்கும். வருடக் கணக்கில் அது சேர்ந்தால் கலனின் பாதியை மண்ணே பிடித்துக்கொள்ளும்.

4. ஒரு நாள் ஊற வையுங்கள்

மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம் ஒன்று. அரைத்த கழிவு, சம அளவு தண்ணீர், கலனின் அவுட்லெட்டிலிருந்து வரும் ஸ்லரி ஒரு மக். ஸ்லரியில் ஏற்கெனவே பழகிய நுண்ணுயிரிகள் இருக்கின்றன. இட்லி மாவுக்குப் பழைய மாவு கொஞ்சம் சேர்ப்பது மாதிரி. ஒரு நாளில் புளித்த வாடை வரும். அதுதான் அறிகுறி. இரண்டு நாளுக்கு மேல் வைக்காதீர்கள். அதற்கு மேல் போனால், கலனுக்குள் கேஸாக வேண்டிய சத்து வெளியிலேயே வீணாகும். டிரம்மைக் காற்று இறுக மூடவும் வேண்டாம். உள்ளே வாயு சேரும்.

நாருள்ள கழிவென்றால் ஒரு வாரம்கூட ஊறலாம். ஸ்லரி தெளித்து, குவித்து, மேலே கோணிப்பை போட்டு மூடி வையுங்கள். சீனக் கிராமங்களில் வைக்கோலைச் சுண்ணாம்புத் தண்ணீர் தெளித்துக் குவித்து வைத்த பிறகே கலனில் போடுவது பழைய பழக்கம்.

5. வெதுவெதுப்பு கொடுங்கள்

மீத்தேன் கூட்டத்துக்கு மிகவும் பிடித்தது 35 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு. மார்கழிக் காலையில் ஜில்லென்ற போர்த் தண்ணீரைக் கலந்து ஊற்றினால் அன்றைக்குக் கேஸ் படுத்துவிடும். கறுப்பு டிரம்மில் தண்ணீர் பிடித்து வெயிலில் வைத்து, மதியத்துக்கு மேல் அதைக் கலந்து ஊட்டுங்கள். கேஸ் கூட்டுவதற்காகக் கேஸ் அடுப்பில் தண்ணீர் காய்ச்சாதீர்கள். வருவதைவிடப் போவது அதிகமாகிவிடும்.

6. கலந்து, அளந்து ஊட்டுங்கள்

சாணத்துக்கு ஒன்றுக்கு ஒன்று தண்ணீர். கலவை கெட்டியான மோர்போல இருக்க வேண்டும். புதுக் கலன் என்றால் முதலில் சாணக் கரைசல் மட்டும் நிரப்பி மூன்று, நான்கு வாரம் காத்திருங்கள். முதலில் சேரும் வாயுவில் காற்று கலந்திருக்கும் என்பதால் அதைப் பற்றவைக்காமல் திறந்தவெளியில் வெளியேற்றிவிடுங்கள். பிறகு உணவுக் கழிவைத் தினமும் கால் கிலோ, அரை கிலோ என்று கூட்டுங்கள். கல்யாண வீட்டில் மிஞ்சியதை ஒரே நாளில் கொட்டுவதுதான் கலனைக் கொல்லும் சுலபமான வழி.

பல்லடம் ஸ்பெஷல்: கோழி எச்சம்

பல்லடம் என்றால் கறிக்கோழி. சாமளாபுரத்தைச் சுற்றியும் பண்ணைகள் உண்டு. 'கோழி எருவைப் போட்டா கேஸ் எகிறுமே?' என்று கேட்பவர்கள் அதிகம். எகிறும்தான். ஆனால், முன்வேலை இல்லாமல் போட்டால் இரண்டே வாரத்தில் படுத்துவிடும்.

காரணம் நைட்ரஜன். நுண்ணுயிரிகளுக்குக் கார்பனும் நைட்ரஜனும் 20 முதல் 30-க்கு ஒன்று என்ற விகிதத்தில் இருந்தால் சௌகரியம். மாட்டுச் சாணம் கிட்டத்தட்ட அந்த அளவிலேயே இருக்கிறது. கோழி எச்சத்தில் விகிதம் 10-ஐ ஒட்டித்தான். மிஞ்சும் நைட்ரஜன் அம்மோனியாவாகி மீத்தேன் கூட்டத்தை முடக்கும். வைக்கோலோ இதற்கு நேரெதிர், 70-ஐ ஒட்டி வரும். அதனால் இரண்டையும் கலந்தால் சமன் ஆகும்.

செய்ய வேண்டியது: பண்ணையிலிருந்து வரும் எருவில் தென்னை நார்க்கழிவும் இறகும் கலந்திருக்கும். தண்ணீரில் கரைத்து, மிதக்கும் இறகை வடித்து, அடியில் தங்கும் மண்ணை ஒதுக்குங்கள். தொடக்கத்தில் மொத்த ஊட்டத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வேண்டாம். நறுக்கி ஊறவைத்த சோளத்தட்டு, வைக்கோலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பண்ணையில் மருந்தடித்த சமயத்து எருவைத் தொடாதீர்கள்.

நாமக்கல் மாவட்டத்தில் கோழி எச்சத்திலிருந்தே 2.4 மெகாவாட் மின்சாரம் எடுக்கும் திறனுள்ள ஆலை அமைந்திருக்கிறது. ஆக, முடியாத காரியம் இல்லை. பக்குவம் தெரிந்து செய்ய வேண்டிய காரியம்.

கோழிக்கடைக் கழிவு வேறு விஷயம். கொழுப்பு, ரத்தம், கிருமி எல்லாம் சேர்ந்தது. ஐரோப்பாவில் இப்படிப்பட்ட கழிவை 12 மில்லி மீட்டருக்குள் அரைத்து, 70 டிகிரியில் ஒரு மணி நேரம் சூடாக்கிய பிறகே கலனுக்கு அனுப்ப வேண்டும் என்று விதி இருக்கிறது. வீட்டுக் கலனில் அது வேண்டாம்.

பஞ்சுத் தூசியில் கேஸ் வருமா?

ஜவுளி ஊரில் இந்தக் கேள்வி வராமல் இருக்குமா! பருத்தி என்பது ஏறத்தாழ முழுக்க செல்லுலோஸ். கொள்கைப்படி அது நல்ல தீனி. நூற்பாலையில் கழிவுப் பஞ்சைச் சுத்தம் செய்யும்போது விழும் தூசிக்கு 'வில்லோ டஸ்ட்' என்று பெயர். மும்பை மாட்டுங்காவில் உள்ள மத்திய பருத்தித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமான சிர்காட், இந்தத் தூசியிலிருந்து பயோகேஸ் எடுக்கும் முறையை 1980-களிலேயே ஆராய்ந்தது. காஸ்டிக் சோடா கரைசலில் ஊறவைத்துவிட்டுச் செரிக்க விடுவதையும் அங்கே சோதித்தார்கள்.

தொடக்கத்தில் பார்த்த அதே காஸ்டிக்தான்! துணியில் மெழுகைப் போக்கிச் சாயத்துக்கு வழிவிடுவது போல, இங்கே நாரின் கவசத்தை இளக்கி நுண்ணுயிரிக்கு வழிவிடுகிறது.

ஆனால், இதை வீட்டில் முயலாதீர்கள். காஸ்டிக் தோலையும் கண்ணையும் அரித்துவிடும். தவிர, அதிலுள்ள சோடியம் ஸ்லரியில் தங்கி, அந்த ஸ்லரி தோட்டத்துக்குப் போகும்போது மண்ணைக் கெடுக்கும். சாயக்கழிவால் நொய்யல் பட்ட பாடு நமக்குத் தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாய ஆலைகளை மூடச் சொல்லும் அளவுக்கு அது போனது. ஒரு குப்பைப் பிரச்னையைத் தீர்க்கப் போய் இன்னொரு உப்புப் பிரச்னையை உண்டாக்கக் கூடாது இல்லையா? வீட்டளவில் சுண்ணாம்பே போதும், அதுவும் அளவாக.

பனியன் கட்டிங் வேஸ்ட்டைக் கலனில் போட வேண்டாம். அதில் பாலியெஸ்டரும் ஸ்பான்டெக்ஸும் சாயமும் கலந்திருக்கும். அதற்கு நல்ல மறுசுழற்சி மார்க்கெட் இருக்கிறது, விற்றுக் காசாக்குங்கள். சைசிங்கில் மிஞ்சும் கஞ்சியும் அப்படித்தான். பார்க்க மாவுச்சத்துதான், ஆனால், அதோடு வேறு கெமிக்கலும் கலந்திருக்கலாம் என்பதால் தவிர்த்துவிடுங்கள்.

பெரிய ஆலைகள் வேறென்ன செய்கின்றன?

நார்வேயின் காம்பி நிறுவனம் கழிவுநீர்ச் சகதியைச் சுமார் 160 டிகிரி நீராவியில் பிரஷர் குக்கர்போல வேக வைத்து, சட்டென்று அழுத்தத்தைத் திறந்துவிடும் முறையைக் கொண்டுவந்தது. அந்த அதிர்ச்சியில் செல்களின் சுவர் வெடித்து உள்ளே உள்ள சத்து வெளியே வரும். இன்று உலகின் பல பெருநகரங்களில் இது ஓடுகிறது. அல்ட்ராசவுண்ட், நொதிகள், பூஞ்சைகள் என்று ஆராய்ச்சிகளும் நடக்கின்றன.

எந்த முறையாக இருந்தாலும் கேட்க வேண்டியது ஒரே கேள்விதான். கூடுதலாக வரும் கேஸின் மதிப்பு, அதற்காகச் செலவான மின்சாரம், சூடு, கெமிக்கலைவிட அதிகமா? 'எங்க பவுடரைப் போட்டா கேஸ் டபுள்' என்று யாராவது வந்தாலும் இதையே கேளுங்கள்.

கலன் பேசும்... கவனிங்க!

- தீ மஞ்சளாக, ஆடி ஆடி எரிகிறதா? கேஸில் மீத்தேன் குறைந்திருக்கலாம். பர்னரில் அழுக்கோ காற்றுக் குறைவோ இருக்கலாம். முதலில் பர்னரைச் சுத்தம் செய்து பாருங்கள்.
- ஸ்லரியில் கடும் புளிப்பு வாடையா? பிஹெச் பேப்பரை நனைத்துப் பாருங்கள். 6.8 முதல் 7.5 வரை நல்லது. 6.5-க்குக் கீழே போனால் உணவுக் கழிவை நிறுத்திவிட்டு, சாணக் கரைசல் மட்டும் கொஞ்சமாக விட்டு ஒரு வாரம் பொறுத்திருங்கள். தேவையானால் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீர் சிறிதளவு.
- அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கிறதா? கோழி எரு அதிகமாகிவிட்டது. நிறுத்திவிட்டு, தண்ணீரும் வைக்கோலும் சேருங்கள்.
- மேலே ஆடை கட்டியிருக்கிறதா? நறுக்காத நாரோ, எண்ணெயோ உள்ளே போயிருக்கிறது. மிதக்கும் டிரம் என்றால் தினமும் இரண்டு முறை சுற்றி விடுங்கள்.
- அழுகிய முட்டை வாடை பலமாக இருக்கிறதா? லீக் இருக்கிறதா என்று சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள், நெருப்பைக் காட்டிப் பார்க்கவே கூடாது. கேஸ் பைப்பின் நடுவே இரும்புத் துருவல் நிரப்பிய சிறு குழாயை வைத்தால் ஹைட்ரஜன் சல்ஃபைடு பெருமளவு குறையும்.

இதை மட்டும் மறந்துடாதீங்க!

கலனுக்குள்ளோ, ஸ்லரித் தொட்டிக்குள்ளோ யாரும் இறங்கக் கூடாது. அடைப்பு எடுக்க, விழுந்த வாளியை எடுக்க, எதற்காகவும் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடும்போது மூக்கு மரத்துவிடும், வாடையே தெரியாது. வாடை இல்லை என்று நம்பி இறங்குபவர் ஓரிரு மூச்சில் விழுந்துவிடுவார். அவரைக் காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். சாய ஆலைத் தொட்டியிலும் செப்டிக் டேங்க்கிலும் ஒருவர் பின் ஒருவராக இறங்கி உயிரிழந்த செய்திகளைத் திருப்பூர் வட்டாரம் பலமுறை படித்திருக்கிறது. வீட்டுக் கலனும் அதே வகைத் தொட்டிதான். யாராவது விழுந்துவிட்டால் நீங்கள் இறங்காதீர்கள். உடனே 112-க்கு அழையுங்கள்.

இந்த ஆபத்துக்கும் நாம் பேசிய முன்வேலைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. மண்ணும் நாரும் எலும்பும் உள்ளே போனால்தான் அடைப்பு வரும். அடைப்பு வந்தால்தான் இறங்கத் தோன்றும். வெளியே வாளியில் செலவிடும் பத்து நிமிடம், உள்ளே இறங்க வேண்டிய நிலையையே தடுத்துவிடும்.

இன்னும் சில: கலன் குடிநீர்க் கிணற்றிலிருந்து 15 மீட்டராவது தள்ளி இருக்கட்டும். சாதாரண எல்.பி.ஜி அடுப்பை அப்படியே பயன்படுத்த முடியாது. பயோகேஸுக்கென்று துளை பெரிதான பர்னர் வேண்டும். இன்லெட், அவுட்லெட்டுக்குக் குழந்தைகள் திறக்க முடியாத மூடி போடுங்கள்.

யாரைக் கேட்கலாம்?

கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கென்றே பொறியியல் துறை இருக்கிறது. சாமளாபுரத்திலிருந்து பஸ் ஏறினால் போய்வந்துவிடலாம். கலன் கட்டும் முன் உங்கள் கழிவு என்ன, எவ்வளவு என்று ஒரு வாரம் எடைபோட்டு எழுதிக்கொண்டு போங்கள். மானியம் அவ்வப்போது மாறும் என்பதால், கட்டிவிட்டுக் கேட்காமல், கேட்டுவிட்டுக் கட்டுங்கள்.

கலனிலிருந்து வெளிவரும் ஸ்லரி நல்ல உரம். முன்வேலை சரியாகச் செய்திருந்தால் அதில் நாற்றமும் குறைவு, பிளாஸ்டிக்கும் இருக்காது. தென்னைக்கும் வாழைக்கும் அப்படியே விடலாம்.

நாளைக்குக் காலையில் கலன் வாங்க ஓட வேண்டாம். முதலில் சமையலறையில் இரண்டாவது வாளி ஒன்றை வையுங்கள். கலனுக்கு ஆகும் கழிவு ஒன்றில், ஆகாதது இன்னொன்றில். ஏழு நாள் அதை எடைபோடுங்கள். மாதம் ஒரு சிலிண்டர் உங்கள் வீட்டில் சாத்தியமா என்று அந்த வாளியே சொல்லிவிடும்!